அழுத்தம் குறைந்துவிட்டது, ஆனால் கண் எரிகிறது: கண் நீர் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) சொட்டு மருந்து போடுபவர்கள் வாருங்கள்

மெய்ப்பாளர் (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். வயது 57. நான்கு ஆண்டுகளுக்கு முன் படிக்கும் கண்ணாடியை மாற்றப் போன இடத்தில், கண் அழுத்தம் வலது கண்ணில் 28, இடது கண்ணில் 30, இரண்டுமே அதிகம் என்று சொன்னார்கள். அதுவரை வலியும் இல்லை, மங்கலும் இல்லை. இடது கண்ணின் பார்வை நரம்பு ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்திருந்தது. அன்று தொடங்கிய சொட்டு மருந்து இன்றுவரை நிற்கவில்லை.

இப்போது மூன்று குப்பிகள். இரவு ஒன்பது மணிக்கு லட்டானோபிராஸ்ட் ஒரு சொட்டு. காலையும் மாலையும் டார்சோலமைடும் டிமோலாலும் கலந்த மருந்து. அது போதவில்லை என்று ஒன்பது மாதங்களுக்கு முன்பு பிரிமோனிடின் சேர்த்தார்கள், அதுவும் இரண்டு வேளை. அழுத்தம் 15, 16 என்று இறங்கிவிட்டது. மருத்துவருக்கு மிகுந்த திருப்தி. ஆனால் எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பாடாக இருக்கிறது.

காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துத்தான் திறக்கிறேன். பகல் முழுவதும் மணல் விழுந்தது போன்ற உறுத்தல். வெண்விழி எப்போதும் சிவப்பு. இவற்றைவிட என்னைக் கலங்கடிப்பது வேறு ஒன்று. மெய்ப்பு பார்க்கும்போது எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி காணாமல் போகிறது. 'பக்கம்' என்று இருப்பது 'பககம' என்று தெரிகிறது. பிழை என்று பேனாவை எடுக்கிறேன், இமைக்கிறேன், புள்ளி திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏழெட்டு நொடி கழித்து மறுபடியும் போய்விடுகிறது. ஒற்றுப் பிழை பார்த்தே வாழ்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மருத்துவரிடம் எரிச்சலைச் சொன்னேன். "பிரஷர் நன்றாக இருக்கிறது, அப்படியே தொடருங்கள்" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குப் பிறகு இரவுச் சொட்டை வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுகிறேன். விட்ட மறுநாள் கண் கொஞ்சம் லேசாக இருப்பது போல் தோன்றுகிறது. இது மருந்தால்தானா, அல்லது வயதாலா? உங்களில் யாருக்காவது இப்படி உண்டா?

தறிமேடு (ஈரோடு)

அம்மா, எனக்கு ஆறு ஆண்டுகளாக உண்டு. லட்டானோபிராஸ்ட் மட்டும்தான் போடுகிறேன். இமை முடி நீண்டு வளர்ந்து கண்ணாடியில் உரசுகிறது. கண்ணைச் சுற்றித் தோல் கறுத்துவிட்டது. "இரவெல்லாம் தூங்குவதில்லையா?" என்று தறிக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். மேல் இமைக்கு மேலே குழி விழுந்திருப்பதை என் மகள்தான் பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுக் காட்டினாள். எரிச்சலும் உண்டு. பஞ்சுத் தூசியால் என்று நினைத்து இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் மருந்தாகவும் இருக்குமோ என்று தோன்றுகிறது.

மருந்தாளுநர் (திருநெல்வேலி)

இருவருக்கும் பதில். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குப்பியில் இரண்டு விதமான பொருள்கள் உள்ளன. ஒன்று, அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. மற்றொன்று, திறந்த குப்பியில் கிருமி வளராமல் காக்கும் பதப்பொருள். பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளில் அந்தப் பதப்பொருள் பென்சல்கோனியம் குளோரைடு. அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். மெய்ப்பாளர் அம்மாவுக்குப் பிழை தேடும் பழக்கம் உண்டு, எடுத்துப் பாருங்கள்.

இந்தப் பொருள் அடிப்படையில் சோப்பின் இனம். எண்ணெயையும் நீரையும் கலக்கச் செய்யும் தன்மை உடையது. கிருமியின் மேலுறையைக் கரைத்துத்தான் அதைக் கொல்கிறது. ஆனால் கிருமியின் உறை எது, நம் கண்ணின் செல் உறை எது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. கண்ணீர் என்பது வெறும் தண்ணீர் அல்ல. கருவிழியை ஒட்டிச் சளி போன்ற வழுவழுப்பு, அதற்கு மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே இமைச் சுரப்பிகளிலிருந்து வரும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அந்த எண்ணெய்தான் நீர் ஆவியாகாமல் காக்கிறது. சோப்புத் துளி அதன்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், எண்ணெய் மிதக்கும் சாம்பார்ப் பாத்திரத்தில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவத்தை விட்டுப் பாருங்கள். எண்ணெய் விலகி ஓடும். கண்ணிலும் பூச்சு கிழிகிறது, நீர் சீக்கிரம் காய்கிறது. ஆண்டுக்கணக்கில் போட்டால் வழுவழுப்பைச் சுரக்கும் செல்களும் குறைகின்றன, கருவிழியின் மேல்தோலில் ஊசி குத்தியது போன்ற நுண்புண்கள் வருகின்றன.

அளவைப் பாருங்கள். வழக்கமான லட்டானோபிராஸ்ட் குப்பியில் 0.02 சதவீதம். கண் மருந்துகளில் இது அதிகமான அளவு. டார்சோலமைடு–டிமோலால் கலவையில் 0.0075. பிரிமோனிடினில் பெரும்பாலும் 0.005. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சிறு துளிதான். அம்மாவின் கணக்கில் ஒரு நாளைக்கு ஒரு கண்ணுக்கு ஐந்து சொட்டு. ஆண்டுக்கு 1,825. தலைவலி மாத்திரையை ஆண்டுக்குப் பத்து நாள் சாப்பிடுகிறோம், இதை வாழ்நாள் முழுவதும் போடுகிறோம். பாரீசில் கிறிஸ்டோஃப் போதுவான் என்ற கண் மருத்துவர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருவது இதைத்தான்: நீண்ட காலம் போடும்போது இந்தப் பதப்பொருள் கண்ணின் மேற்பரப்பை என்ன செய்கிறது என்பதை.

எனவே உங்கள் எரிச்சல் கற்பனை அல்ல. ஆனால் அம்மா, இரவுச் சொட்டை விடாதீர்கள். அழுத்தத்தை நன்றாகக் குறைக்கும் மருந்து அது.

பனைநிழல்

எல்லோரும் மருந்தையே சுற்றி வருகிறீர்கள். என் அனுபவம் வேறு. எனக்கும் இதே எரிச்சல். ஆறு மாதங்களுக்கு முன்பு எல்லாச் சொட்டையும் நிறுத்திவிட்டேன். நந்தியாவட்டைப் பூவை இரவில் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் அந்த நீரால் கண்ணைக் கழுவுகிறேன். பத்தே நாளில் சிவப்பு போய்விட்டது. இப்போது கண் பளிச்சென்று இருக்கிறது. பார்வையிலும் ஒரு குறையும் இல்லை. இயற்கையை நம்பிப் பாருங்கள்.

கனகாம்பரம் (யாழ்ப்பாணம்)

பனைநிழல் ஐயா, உங்கள் பதிவைப் படித்தவுடன் என் கை நடுங்கியது. தயவுசெய்து இதைப் படியுங்கள்.

என் அப்பாவும் இதையேதான் சொன்னார். "கண் பளிச்சென்று இருக்கிறது." அவருக்கு மூன்று விதத் துளி மருந்து எழுதியிருந்தார்கள். கண் சிவந்து நீர் வடியும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் "குடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். அன்று இரவே மருந்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எங்களிடம் சொல்லவில்லை. மாதாமாதம் நான் வாங்கிக் கொடுத்த குப்பிகள் எல்லாம் உறை பிரிக்காமல் உள்ளே அடுக்கியிருந்தன. பிறகுதான் கண்டோம்.

பதினான்கு மாதங்கள். அந்தப் பதினான்கு மாதமும் அவர் ஒவ்வொரு நாளும் பத்திரிகை வாசித்தார். ஒரு எழுத்துத் தவறவில்லை. ஆகையால் கண் நன்றாக இருக்கிறது என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். ஆனால் வாசற்படியில் கால் தடுக்கத் தொடங்கியது. பக்கத்தில் வைத்த தேநீர்க் குவளையைக் கையால் தட்டிவிடுவார். பேரன் இடப்பக்கமிருந்து ஓடி வந்தால் மோதிக்கொள்வார், பிறகு பிள்ளையை ஏசுவார். வயது என்று விட்டுவிட்டோம். வைத்தியசாலையில் பார்வைப் புலச் சோதனை, அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனை, செய்தபோது வைத்தியர் அந்தத் தாளை என்னிடம் காட்டினார். இடது கண்ணின் படத்தில் நடுவில் ஒரு நாணயம் அளவுதான் வெள்ளை. சுற்றிலும் கறுப்பு. அந்த நாணயத்தின் வழியாகத்தான் அப்பா பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

போனது திரும்பவில்லை. இந்த நோயில் திரும்பாது. உங்கள் கண் பளிச்சென்று இருப்பது மேற்பரப்பு ஆறியதால். உள்ளே அழுத்தம் என்ன என்று ஆறு மாதமாக யார் பார்த்தார்கள்? நாளைக்கே போய் அளந்து பாருங்கள், ஐயா. உங்களுக்கு நந்தியாவட்டை பிடித்திருக்கலாம், எனக்கு உங்களோடு சண்டை இல்லை. அளந்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.

மருந்தாளுநர் (திருநெல்வேலி)

சகோதரி எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் ஊறவைத்த எந்த நீரும் கிருமி நீக்கியது அல்ல. ஏற்கெனவே நுண்புண் உள்ள கருவிழியில் அது பட்டால் தொற்று வரலாம், தழும்பாகவும் ஆகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் கடையில் வாரம் தவறாமல் நடக்கிறது. "கண் சிவந்திருக்கிறது, ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்" என்று வருகிறார்கள். பழைய குப்பியைக் காட்டி அதே மருந்தைக் கேட்கிறார்கள். பல நேரம் அது டெக்சாமெத்தசோன் அல்லது பிரட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு. போட்டால் சிவப்பு ஒரே நாளில் பறந்துவிடும், எரிச்சலும் அடங்கும். அதனால்தான் மக்களுக்கு அதன்மேல் அத்தனை நம்பிக்கை. ஆனால் வாரக்கணக்கில் போட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஓரளவாவது கண் அழுத்தம் ஏறும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து தந்த சிவப்பைப் போக்க, அழுத்தத்தை ஏற்றும் மருந்தைப் போடுகிறோம். சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

கண் பரிசோதகர் (சென்னை)

பதினைந்து ஆண்டுகளாகக் கண் பரிசோதனை செய்கிறேன். நான் மருத்துவர் அல்ல, ஆகவே யாருடைய மருந்தையும் மாற்றச் சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

மெய்ப்பாளர் அம்மா, நீங்கள் எழுதிய புள்ளி மறைவதுதான் எனக்கு மிக முக்கியமான தகவல். இமைத்தவுடன் தெளிகிறது, சில நொடியில் மங்குகிறது என்றால் கோளாறு நரம்பில் அல்ல, கண்ணீர்ப் படலத்தில். நரம்பால் வந்த மங்கல் இமைத்தால் சரியாகாது. இதை அளக்கும் சோதனை மிக எளிது. மஞ்சள் சாயம் தொட்ட தாளைக் கண்ணில் ஒற்றி, நீல வெளிச்சத்தில் பார்ப்போம். இமைக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு, படலம் எத்தனை நொடியில் கிழிகிறது என்று எண்ணுவோம். பத்து நொடிக்கு மேல் நின்றால் நல்லது. ஐந்துக்குள் கிழிந்தால் சந்தேகமே இல்லை. நீங்கள் மெய்ப்புத் தாளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஏழெட்டு நொடி என்று எண்ணிவிட்டீர்கள். அதே சாயம் கருவிழியின் நுண்புண்களில் பச்சைப் புள்ளிகளாக ஒளிரும். கீழ் இமைக்குள் ஒரு தாள் துண்டை ஐந்து நிமிடம் மடித்து வைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பது இன்னொன்று. இவற்றுக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நீங்கள் கேட்டால் செய்வார்கள். கேட்காவிட்டால், அழுத்தம் பார்த்து, நரம்பு பார்த்து அனுப்பிவிடும் அவசரத்தில் விட்டுப்போகலாம்.

அடுத்தது, எல்லாப் பழியையும் பதப்பொருளின் மேல் போட்டுவிடக் கூடாது. மருந்துக்கு மருந்து குணம் மாறும். தறிமேடு ஐயா சொன்ன நீண்ட இமை முடி, கறுத்த தோல், மேலிமைக் குழி எல்லாம் லட்டானோபிராஸ்ட் இனத்தின் வேலை. பதப்பொருள் இல்லாத குப்பிக்கு மாறினாலும் அவை போகாது. டார்சோலமைடு சற்றே அமிலத்தன்மை உள்ளது, போட்டவுடன் சுரீர் என்று எரியும், பிறகு நாக்கில் கசக்கும். டிமோலால் கருவிழியின் உணர்ச்சியைக் கொஞ்சம் மந்தமாக்கும். இதனால் சிலருக்கு நீல வெளிச்சத்தில் கருவிழி முழுக்கப் பச்சைப் புள்ளியாக இருக்கும், "எரிச்சலா? இல்லையே" என்பார்கள். எரியவில்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று ஆகிவிடாது.

பிரிமோனிடினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு ஒவ்வாமை வருவது அரிதல்ல. போட்ட அன்றே வராது. பல மாதம் ஒழுங்காக ஒத்துக்கொண்டுவிட்டுத் திடீரென்று வரும். அதனால்தான் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. சிவப்போடு அரிப்பு இருக்கும், இமை தடிக்கும், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறத்தில் ஜவ்வரிசி போலச் சிறு சிறு முண்டுகள் தெரியும். அம்மா, உங்களுக்கு அரிப்பு உண்டா? ஒன்பது மாதத்துக்கு முன்பு எரிச்சல் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பலர் ஒரு சொட்டுக்கு இரண்டு மூன்று விடுகிறார்கள். இமைக்குள் ஒரு முழுச் சொட்டுக்கே இடம் போதாது, மிச்சம் கன்னத்தில்தான் வழிகிறது. ஒரே சொட்டு. கண்ணை மெதுவாக மூடுங்கள், இறுக்கிச் சிமிட்டாதீர்கள். மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் ஓடாது, கசப்பும் குறையும். டிமோலால் இரத்தத்தில் கலப்பதும் குறையும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் டிமோலாலே ஆகாது, அவை இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். வழிந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் தோல் கறுப்பதும் கொஞ்சம் மட்டுப்படும். அடுத்த குப்பிக்கு ஐந்து நிமிட இடைவெளி கட்டாயம்.

மெய்ப்பாளர் (மதுரை)

இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கனகாம்பரம், உங்கள் அப்பாவின் கதையை இரண்டு முறை படித்தேன். அன்று இரவே இரவுச் சொட்டைப் போட்டுவிட்டேன். அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து மூன்று பெட்டிகளையும் படித்தேன். மூன்றிலும் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக மேசைமேல் இருந்த பெட்டி. ஊரார் எழுதியதையெல்லாம் வரிவரியாகப் படித்தவள் இதைப் படிக்கவில்லை. அதைவிட அதிர்ச்சி, எரிச்சலுக்காக நானே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த செயற்கைக் கண்ணீர்க் குப்பியிலும் அதே பொருள் இருந்தது.

கண் பரிசோதகர் கேட்டதற்குப் பதில்: அரிப்பு உண்டு. முன்பு இல்லை. கோடை வெயிலால் என்று நினைத்தேன். கீழ் இமையை இழுத்துக் கண்ணாடியில் பார்த்தேன், உட்புறம் வழவழப்பாக இல்லை.

பதப்பொருள் இல்லாத மருந்து இங்கே கிடைக்கிறதா? விலை என்ன ஆகும்?

தறிமேடு (ஈரோடு)

விலையைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். இதை ஒருவரும் முன்னால் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தம்.

நேற்று மருந்துக் கடையில் விசாரித்தேன். லட்டானோபிராஸ்ட் வழக்கமான குப்பி ஒரு விலை, பதப்பொருள் இல்லாதது அதைவிட நன்றாகவே கூடுதல். ஒரு வேளைக்கு ஒன்றாகப் பிய்த்துப் போடும் சிறு குழல்களாக வரும் மருந்து அதற்கும் மேல். வாரக்கூலி வாங்குகிறவனுக்கு மாதாமாதம் அது எப்படிக் கட்டும்? அரசு மருத்துவமனையில் கொடுக்கிற குப்பியை வாங்கித்தான் என் பெரியம்மா போடுகிறார். அவரிடம் போய் "இதில் பதப்பொருள் இருக்கிறது" என்று சொன்னால், அவர் மாற்றமாட்டார், நிறுத்திவிடுவார். இந்த இழையைப் படித்துவிட்டு எத்தனை பேர் அப்படி நிறுத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது.

மருந்தாளுநர் (திருநெல்வேலி)

நீங்கள் சொல்வது நியாயம். நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். எனவே இதைத் தெளிவாக எழுதுகிறேன்: பதப்பொருள் உள்ள மருந்து போடும் பலர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பல ஆண்டுகள் பார்வையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு எரிச்சல் இல்லை, கருவிழியும் நன்றாக இருக்கிறது என்றால் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மாற்ற வேண்டியவர்களுக்கும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. தனித்தனிக் குப்பிகளாக இருப்பதைக் கலவை மருந்தாக ஆக்கினால் சொட்டுகளின் எண்ணிக்கை குறையும், செலவும் ஏறாது. பதப்பொருள் அதிகமான ஒன்றை மட்டும் மாற்றலாம். பென்சல்கோனியத்துக்குப் பதிலாகக் கண்ணுக்கு மென்மையான வேறு பதப்பொருள் சேர்த்த குப்பிகளும் உண்டு. செயற்கைக் கண்ணீரையாவது பதப்பொருள் இல்லாததாக வாங்கலாம்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பதப்பொருள் வேடிக்கைக்காகச் சேர்த்தது அல்ல. 2023இல் அமெரிக்காவில் பதப்பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீர்க் குப்பிகளால் சூடோமோனாஸ் கிருமித் தொற்று பரவியது. 4 பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். அந்தக் குப்பிகள் தயாரானது நம் தமிழ்நாட்டில். மருந்து உலகில் வேலை செய்கிறவன் என்ற முறையில் அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சிறு குழலைத் திறந்தால் அந்த வேளையோடு எறிந்துவிட வேண்டும், மிச்சம் இருக்கிறதே என்று மூடி வைக்கக் கூடாது. பல நாள் பயன்படுத்தும் பதப்பொருள் இல்லாத குப்பிக்கு, காற்றும் கிருமியும் உள்ளே திரும்பாத தனி வால்வு அல்லது வடிகட்டி இருக்க வேண்டும். எந்தக் குப்பியாக இருந்தாலும் முனை இமையில் படக் கூடாது.

வழக்கமான லட்டானோபிராஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திறக்காத குப்பி குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். திறந்த பிறகு 25 டிகிரிக்குள் வைத்து ஆறு வாரத்தில் முடிக்க வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 25 டிகிரி எந்த வீட்டில் இருக்கிறது? திறந்த பிறகும் உள்ளேயே வையுங்கள். குளிர்ந்த சொட்டு விழுந்ததும் தெரியும், வயதானவர்களுக்கு அதுவும் உதவி.

தேம்ஸ்கரை (லண்டன்)

ஒருவரும் லேசரைப் பற்றிப் பேசவில்லையே. எனக்கு 2021இல் நோய் கண்டார்கள். சொட்டு மருந்து தொடங்கும் முன்பே லேசர் செய்யலாமா என்று கேட்டார்கள். இருக்கையில் உட்கார்ந்தபடி, ஒரு கண்ணுக்குச் சில நிமிடம். கண்ணுக்குள் நீர் வடியும் சல்லடையில் லேசர் பட்டு வடிகால் சீராகிறது. இதுவரை நான் ஒரு சொட்டும் போடவில்லை. அழுத்தம் 16இல் நிற்கிறது.

இங்கே மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் முன்னின்று 718 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு மூன்றாண்டு வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. 2022இல் இங்கே அரசு வழிகாட்டுதலும் மாறியது, லேசரையே முதலில் செய்யலாம் என்று. சொட்டே இல்லையென்றால் எரிச்சலுக்கு இடமே இல்லையே.

கண் பரிசோதகர் (சென்னை)

தேம்ஸ்கரை சொல்வது சரி. தமிழ்நாட்டிலும் பெரிய கண் மருத்துவமனைகளில் செய்கிறார்கள். ஆனால் இரண்டு திருத்தம். அது கண்ணின் வடிகால் கோணம், அதாவது அந்தச் சல்லடை இருக்கும் மூலை, திறந்திருப்பவர்களுக்கு. நம் பக்கத்தில் கோணம் குறுகிய வகையும் கணிசமாக உண்டு. அவர்களுக்கு வேறு வழி. மேலும் லேசரின் பலன் ஆண்டுகள் போகப் போகக் குறையலாம், திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் அல்லது சொட்டு தொடங்க வேண்டியிருக்கும். 'செய்துவிட்டேன், இனி கண் பக்கம் போக வேண்டாம்' என்று இருந்துவிட்டால் கனகாம்பரத்தின் அப்பாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

மேற்பரப்பை இப்போதே காக்க இன்னொரு காரணமும் உண்டு. நோய் முற்றி அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், நீர் வடிவதற்கு இணைப்படலத்துக்குக் கீழே, அதாவது வெண்விழியை மூடியிருக்கும் மெல்லிய படலத்துக்குக் கீழே, ஒரு வழி உண்டாக்குவார்கள். ஆண்டுக்கணக்கில் பதப்பொருள் பட்டு வீங்கிச் சிவந்த படலத்தில் அந்த வழி தழும்பாகி மூடிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். கண்ணெரிச்சலை "சின்னத் தொந்தரவு" என்று யாராவது ஒதுக்கினால் இதை நினைவில் வையுங்கள்.

பனைநிழல்

கனகாம்பரம் அம்மாவுக்கு. இன்று போய் அளந்தேன். வலது 27. இடது 29. மருந்து போட்ட காலத்தில் 17 இருந்தது. பார்வைப் புலச் சோதனைக்கு அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து மறுபடியும் தொடங்கிவிட்டேன், இந்த முறை வேறு வகை. நான் மேலே எழுதியதை நீக்க முயன்றேன், முடியவில்லை. யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கனகாம்பரம் (யாழ்ப்பாணம்)

நன்றி, ஐயா. நீக்க வேண்டாம், அதுவும் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை தனியாகப் போகாதீர்கள். கண்ணை விரிக்கும் மருந்து விட்டால் திரும்பி வரும்போது வெயிலில் கண் கூசும்.

மெய்ப்பாளர் (மதுரை)

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

மூன்று குப்பிகள், செயற்கைக் கண்ணீர், எழுதி வைத்த தாள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்றேன். கண் பரிசோதகர் சொன்ன இரண்டு கேள்விக்கும் பதிலை மேலே எழுதியிருந்தேன். மருத்துவர் அந்தத் தாளை வாங்கி முழுவதும் படித்தார். "புள்ளி மறைகிறது" என்ற வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். இடது கண்ணில் படலம் நான்கு நொடியில் கிழிந்தது, வலதில் ஐந்து. கருவிழியின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். இமையைப் புரட்டியதும், "பிரிமோனிடின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்றார். சொன்னேன்தான். ஆனால் "எரிகிறது" என்று மட்டும் சொன்னேன். எப்போதிலிருந்து, அரிக்கிறதா, இமைத்தால் தெளிகிறதா என்று சொல்லவில்லை.

பிரிமோனிடினை நிறுத்தினார். லட்டானோபிராஸ்ட்டை மட்டும் பதப்பொருள் இல்லாததாக மாற்றினார். கலவை மருந்து பழையதுதான், அதையும் கூடுதல் விலை கொடுத்து மாற்ற எனக்கும் வசதி இல்லை. ஐந்து சொட்டு இப்போது மூன்று. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இமைமேல் காலையும் மாலையும் சில நிமிடம் வைக்கச் சொன்னார். மேசைக்கு நேர் மேலே இருந்த மின்விசிறியிலிருந்து நாற்காலியை நான்கு அடி தள்ளிப் போட்டேன்.

நேற்று மறுபடியும் அளந்தார்கள். 17, 18. முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல். இடது கண்ணுக்கு 18 போதாது என்றால் லேசர் செய்யலாம் என்றிருக்கிறார், என் வடிகால் கோணம் திறந்துதான் இருக்கிறதாம். மூன்று மாதம் கழித்துப் பார்வைப் புலச் சோதனை செய்துவிட்டு முடிவெடுப்போம் என்றார். அதுவரை ஒரு சொட்டும் விடமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். பொங்கலுக்குப் பிறகு விட்ட நாட்களையும் சொன்னேன். திட்டவில்லை, தேதியைக் குறித்துக்கொண்டார்.

எரிச்சல் முழுவதும் போகவில்லை. மாலையில் கொஞ்சம் உண்டு. அரிப்பு போய்விட்டது, இமை காலையில் ஒட்டுவதில்லை. இன்று காலை ஒரு நாவலின் இரண்டாம் மெய்ப்பு, பதினாறு பக்கம் ஒரே மூச்சில் பார்த்தேன். புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒன்பதாம் பக்கத்தில் 'வாழ்த்துகள்' என்பதில் ஒரு ஒற்று விடுபட்டிருந்தது. மூன்று முறை இமைத்துப் பார்த்தேன். அது அச்சுப் பிழைதான்.

தறிமேடு (ஈரோடு)

படித்ததும் கண் கலங்கிவிட்டது, அம்மா. வருகிற வியாழக்கிழமை நானும் போகிறேன், என் குப்பியோடு பெரியம்மாவின் குப்பியையும் சேர்த்துப் பையில் போட்டுவிட்டேன். அந்தத் தாளில் நீங்கள் என்னென்ன எழுதினீர்கள் என்று அப்படியே இங்கே போட முடியுமா? பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது, நான்தான் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும்.